"எனக்கு எதுவும் வராது" என்னும் குழந்தைக்கு

சென்ற மழைக்காலத்தில் குன்னூரில் ஓர் அன்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு மருமகள் தம் பத்து வயது மகனை என்முன் நிறுத்தி, "டீச்சர், சாமாயிகத்தில் 48 நிமிடம் இவனால் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடத்திலும் இதே புகார்தான். 'நல்லதையே நினை, உன்னால் முடியும்' என்று தினமும் சொல்கிறேன், பலனே இல்லை" என்று வருந்தினார். சிறுவன் தரையைப் பார்த்தபடி, "எனக்கு எதுவும் வராது" என்றான். அவ்வொரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அவனுக்கு இருப்பது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று மருத்துவர் பின்னர் உறுதி செய்தார். ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்குவர். இது சோம்பலன்று, தாயின் வளர்ப்புக் குற்றமும் அன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. பெரும்பாலும் பரம்பரைத் தொடர்பு உடையது. 1902ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரையாற்றியுள்ளார். 12 வயதிற்குள் அறிகுறிகள் தோன்றி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் காணப்பட்டால்தான் இக்குறைபாடு என்று மருத்துவர் முடிவு செய்வர். துள்ளித் திரியும் சிறுவனை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். சன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தவாறு ஓசையின்றி அமர்ந்திருக்கும் சிறுமியைக் காணத் தவறிவிடுகிறோம்.

நானும் அவ்வாறு தவறியவளே. ஆசிரியப் பயிற்சியில் உளவியல் செய்முறை வகுப்பொன்று உண்டு. கணநேரம் தோன்றி மறையும் புள்ளிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். கவன வீச்சு என்று அதற்குப் பெயர். ஒரே பார்வையில் எத்தனை புள்ளி பிடிபடும் என்று கற்றோம். பிடித்த கவனம் ஏன் நழுவுகிறது என்று யாரும் கேட்கவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்தே வந்து படித்த ஒரு மாணவியின் முன்னேற்ற அட்டையில் "திறமை உண்டு, முயற்சி இல்லை" என்று மூன்றாண்டுகள் எழுதினேன். ஒன்பதாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். அவளுக்கு இக்குறைபாடு இருந்ததா என்று இன்று யாரும் கூற இயலாது. ஆனால், அவளிடம் முயற்சி இல்லை என்பது எனக்கு எப்படித் தெரிந்தது?

"உன்னால் முடியும்" என்பதை நாள்தோறும் கேட்டு, நாள்தோறும் தோற்கும் குழந்தை, "முடியக்கூடியதையே செய்யாதவன் நான்" என்று தன்னைப் பற்றித் தீர்ப்பெழுதிக் கொள்கிறது. வெறும் ஊக்கச் சொல் இங்குப் பயன்படாது. தன்னைப் பழிக்கும் வாக்கியத்தைத் திருத்தக்கூடிய வாக்கியமாக மாற்றும் பழக்கமே வேண்டும்.

நடிகர் ஃபகத் ஃபாசில், தமக்கு இக்குறைபாடு இருப்பது 41ஆம் வயதில்தான் தெரிந்தது என்று 2024 மே மாதம் கேரளத்தில் ஒரு விழாவில் வெளிப்படையாகக் கூறினார். சிறுவயதிலேயே கண்டறிந்தால் சரிசெய்வது எளிது என்று மருத்துவர் சொன்னதையும் பகிர்ந்துகொண்டார். லவ்டேல் லாரன்ஸ் பள்ளியிலும் பயின்றவராதலின் நம் மலைக்கு அவர் அயலார் அல்லர். 2002இல் தந்தையின் இயக்கத்தில் வந்த முதற்படம் தோல்வியுற்றபோது, தாம் தயாரிப்பின்றி நடிக்க வந்ததே பிழை, தந்தையைக் குறைகூற வேண்டாம் என்றார். பின்னர் அமெரிக்கா சென்று படித்து, 2009இல் திரைக்குத் திரும்பினார். நான் படம் பார்ப்பவளல்லள். ஆயினும் அந்தச் சொல்லை மறக்க முடியவில்லை. "எனக்கு நடிப்பு வராது" என்பது வேறு. "தயாரிப்பு இல்லை" என்பது வேறு. தயாரிப்பைத் தேடிக்கொள்ளலாம் அல்லவா?

ஆகவே அத்தாயிடம், "எனக்கு வராது" என்று மகன் சொல்லும்போதெல்லாம், "எந்த இடத்தில் நழுவிற்று, கண்ணா?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். நான்காம் கணக்கிலா? பென்சில் தேடிய நேரத்திலா? விடை கிடைத்தால் வழியும் கிடைக்கும். பென்சிலை முன்பே எடுத்து வைக்கலாம்.

இரண்டாவது பழக்கத்தை நம் தோட்டத் தொழிலாளரிடம் கற்கலாம். பறித்த கொழுந்தை மாலைவரை சேர்த்து வைத்து ஒரேயடியாக நிறுப்பதில்லை. இடையிடையே நிறுத்து, அப்போதே எடையைப் பதிகின்றனர். இக்குழந்தைகளுக்கும் ஆண்டுத் தேர்வு வெகுதொலைவு. பத்து நிமிட வேலை, கடிகார மணி, முடிந்தவுடன் குறிப்பேட்டில் ஒரு வரி, ஒரு நல்ல சொல், பின் எழுந்து ஒரு நடை. குறிப்பேட்டில் முடித்தவை மட்டுமே இடம்பெற வேண்டும். முடிக்காதவற்றைச் சொல்லப் பள்ளிக்கூடம் இருக்கிறது! "எதுவும் வராது" என்னும் நாளில் அவன் கையெழுத்திலேயே அதற்கு மறுமொழி இருக்கும்.

சாமாயிகத்திற்கும் இவ்வாறே. 48 நிமிடத்தை இப்போதே அவனுக்கு அளவுகோலாக்க வேண்டாம், கையில் மணிமாலையுடன் எட்டு நிமிடம் அமரட்டும் என்றேன். பாட்டி முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

இவை எவையும் மருத்துவத்திற்கு மாற்றல்ல. தேவையானால் மருந்தும் பயிற்சியும் மருத்துவரே வகுப்பார். எங்குத் தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மனஸ் என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அத்தாய் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். சிறுவன் இப்போது பதினொரு நிமிடம் அமர்கிறானாம். பன்னிரண்டாவது நிமிடத்தில் சன்னலில் குரங்கு வந்துவிட்டதாம்.