முதுமை, உறக்கம், நினைவு: ஓர் இளம் மருத்துவருக்குக் கடிதம்

அமெரிக்காவில் முதியோர் மருத்துவப் பயிற்சியைத் தொடங்கும் இளம் மருத்துவருக்கு,

அந்நாட்டு முதியோரிடையே இரண்டு ஏற்றத்தாழ்வுகள் நெடுங்காலமாகப் பதிவாகி வருகின்றன. அங்குள்ள அல்சைமர் சங்கத்தின் அறிக்கைகளின்படி, வெள்ளையின முதியோரோடு ஒப்பிட்டால், கறுப்பின முதியோரிடம் மறதிநோய் ஏறத்தாழ இரண்டு மடங்கும், ஹிஸ்பானிய முதியோரிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் காணப்படுகிறது. இங்கே மறதிநோய் என்பது வயதானவர் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதைக் குறிப்பதன்று. சமைப்பது, பணத்தை எண்ணிக் கொடுப்பது, வீட்டுக்கு வழி கண்டு திரும்புவது போன்ற காரியங்களைத் தாமாகச் செய்ய இயலாத அளவுக்கு நினைவும் சிந்தனையும் தேய்ந்துபோகும் நோய்களின் பொதுப்பெயர் அது. மறுபுறம், உறக்கத்திலும் இதே திசையில் ஒரு சரிவு தெரிகிறது. சிகாகோவில் 2003 முதல் 2005 வரை 669 நடுவயதினரின் மணிக்கட்டில், கடிகாரம் போன்ற அசைவுமானியைக் கட்டி அளந்தபோது, வெள்ளையினப் பெண்கள் சராசரியாக 6.7 மணி நேரமும், வெள்ளையின ஆண்கள் 6.1 மணி நேரமும், கறுப்பினப் பெண்கள் 5.9 மணி நேரமும், கறுப்பின ஆண்கள் 5.1 மணி நேரமுமே உறங்கியதாகத் தெரியவந்தது. அன்று நடுவயதில் இருந்த அந்தத் தலைமுறைதான் இன்று முதியோர் மருத்துவமனைகளின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்தால், குறைந்த உறக்கமே மூளையைக் கெடுத்தது என்ற முடிவு கேட்காமலேயே வந்து நிற்கும். அந்த முடிவில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் உறக்கத்தையும் நினைவையும் அளக்கும் கருவிகளும் கேள்வித்தாள்களும் எல்லா முதியோரையும் ஒரேபோல் அளப்பதில்லை என்பதை அறியாமல் அந்த முடிவுக்கு வரும் மருத்துவர், நோயாளியின் நோயோடு அளவுகோலின் பிழையையும் சேர்த்து நோயாளியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்.

உறக்கத்துக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு குறித்த சான்றுகளைப் பொறுத்தவரை, இரண்டு ஆய்வுகளை அறிந்திருப்பது பயன்தரும். லண்டன் அரசு அலுவலர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு, ஏறத்தாழ 8,000 பேரின் தரவைக் கொண்டு, ஐம்பது வயதிலிருந்து எழுபது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு 30 விழுக்காடு கூடுதல் என்று 2021-இல் வெளியிட்டது. அந்த அலுவலர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதையும், அவர்களின் உறக்கத்திலிருந்து பெறப்பட்ட விதி மிசிசிப்பியின் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இத்துறையில் மிக எளிதாக நுழைந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். மற்றோர் ஆய்வு, கிறிஸ்டின் யாஃபே தலைமையில் 2011-இல் வெளிவந்தது: சராசரியாக 82 வயதான 298 பெண்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், உறக்க மூச்சுத்தடை இருந்தவர்களில் 44.8 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் அறிவாற்றல் குறைபாடோ மறதிநோயோ வந்திருந்தது. உறக்க மூச்சுத்தடை என்பது, உறங்கும்போது தொண்டைப் பாதை திரும்பத் திரும்ப அடைபட்டு, மூச்சு நின்று, இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து, மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும் நிலை. பலத்த குறட்டை அதன் வெளி அடையாளம். அந்த ஆய்வில் கெடுதலோடு சேர்ந்து வந்தது உறக்கம் துண்டுபடுவதன்று, ஆக்ஸிஜன் குறைவதே என்பது மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. உறக்கத்தின்போது மூளை தன் கழிவைக் கழுவி வெளியேற்றுகிறது என்று 2013-இல் எலிகளைக் கொண்டு சொல்லப்பட்ட கருத்து பரவலாகிவிட்டாலும், 2024-இல் எலிகளிலேயே செய்யப்பட்ட வேறோர் ஆய்வு அதற்கு நேர்மாறான முடிவைத் தந்திருப்பதால், நோயாளிகளிடம் அதை நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்லாதிருப்பது நல்லது.

ஆக்ஸிஜன் குறைவே முக்கியம் என்றால், அந்தக் குறைவு யாரிடம் கண்டறியப்படுகிறது, யாரிடம் தவறவிடப்படுகிறது என்பதே அடுத்து எழும் கேள்வி. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் 852 கறுப்பினத்தவருக்கு வீட்டிலேயே உறக்கப் பரிசோதனை செய்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நடுத்தரமோ கடுமையோ ஆன மூச்சுத்தடை இருந்தது. அவர்களில் 95 விழுக்காட்டினருக்கு எந்த மருத்துவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் மருத்துவரையே அறியாதவர்களும் அல்லர், ஆண்டுக்கணக்கில் ஓர் இதயநல ஆய்வில் பங்கேற்று வந்தவர்கள். ஆகவே, நோய் மறைந்திருந்ததன் காரணத்தைப் பரிசோதனை அறைக்குள்ளும் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் கைக்கு வருவது எப்வொர்த் உறக்கச்சோர்வு அளவுகோல் எனப்படும் ஒற்றைத் தாள். மெல்போர்ன் நகரில் 1991-இல் உருவான அது, எட்டுச் சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடச் சொல்கிறது. கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினால் மிகைச்சோர்வு என்று கொள்ளப்படும். உட்கார்ந்து படிக்கும்போது, அரங்கிலோ கூட்டத்திலோ சும்மா அமர்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் நிற்காமல் காரில் பயணியாகச் செல்லும்போது, போக்குவரத்து நெரிசலில் கார் சில நிமிடம் நின்றிருக்கும்போது என்று நீளும் அந்தச் சூழல்கள், வாசிக்கும் பழக்கமும் கூட்டங்களுக்குப் போகும் பழக்கமும் காரும் உள்ள ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை. கார் இல்லாத, மாலையில் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும், எழுத்து வாசிப்பு அரிதான எழுபத்தைந்து வயதுப் பெண்மணி அந்தத் தாளில் பல இடங்களில் பூச்சியம் போடுவார். அவர் சோர்வே அறியாதவர் என்று கணினித் திரை காட்டும். பகல் முழுவதும் வேலை செய்து வளர்ந்த தலைமுறையில், பகலில் கண்ணயர்வதை ஒப்புக்கொள்வதே சோம்பேறித்தனத்தை ஒப்புக்கொள்வதாகக் கருதப்படுவதும் உண்டு. உணவு முடிந்ததும் நாற்காலியில் என்ன நடக்கிறது, ஞாயிறு ஆராதனையின்போது கண் மூடிக்கொள்கிறதா, இரவில் பக்கத்து அறையில் இருப்பவர் என்ன சத்தத்தைக் கேட்கிறார் என்று வாய்விட்டுக் கேட்பது, தாளை நிரப்பச் சொல்வதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே தரும்.

அதன்பின் விரலில் மாட்டப்படும் ஆக்ஸிமீட்டர். ஒளியைத் தோல்வழியே செலுத்தி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் கணிக்கும் இக்கருவி, கருமையான தோலில் உண்மை அளவைவிடச் சற்று உயர்த்திக் காட்டும் போக்குடையது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரத்தில், தமனி இரத்தத்தில் உண்மையில் 88 விழுக்காட்டுக்கும் கீழே போயிருந்தவர்கள் வெள்ளையினத்தவரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. வீட்டு உறக்கப் பரிசோதனையோ இதே வகைக் கருவியை நம்பியே நடக்கிறது. மூச்சு குறைந்த ஒரு நிகழ்வைக் கணக்கில் சேர்க்க, ஆக்ஸிஜன் 4 விழுக்காடு இறங்கியிருக்க வேண்டும் என்பது மெடிகேர் என்னும் முதியோர் அரசுக் காப்பீட்டின் விதி. எனவே அறிக்கையில் ஒரு மணி நேரத்துக்கு 13 நிகழ்வுகள் என்று வந்தால், அந்த 13 யாருடைய விரலில் அளக்கப்பட்டது என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியாக வேண்டும்.

நினைவை அளக்கும் இடத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. அமெரிக்கக் கால்பந்து லீகின் மூளை அதிர்ச்சி இழப்பீட்டு ஒப்பந்தத்தில், முன்னாள் வீரர்களின் அறிவாற்றல் மதிப்பெண்கள் இனவாரியான ஒப்பளவுகளைக் கொண்டு திருத்தப்பட்டன. கறுப்பின வீரர் தொடக்கத்திலேயே குறைந்த திறனோடு இருந்தார் என்று கணக்கு எடுத்துக்கொண்டதால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் வெள்ளையின வீரருக்கு மறதிநோய் இழப்பீடு கிடைக்க, கறுப்பின வீரர் நலமானவராகக் கணிக்கப்படும் வாய்ப்பு இருந்தது. கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்னும் இரு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தனர். 2021-இல் அம்முறையைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. இதைப் படித்ததும் திருத்தமே கூடாது என்று முடிவெடுப்பது எளிது, ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. திருத்தம் எதுவுமின்றி எல்லோரையும் ஒரே வெட்டுப்புள்ளியில் நிறுத்தினால், நல்ல பள்ளி கிடைக்காத காரணத்தாலேயே குறைந்த மதிப்பெண் பெறும் முதியவருக்கு நோயில்லாமலே நோய்முத்திரை விழும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மேன்லி இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். பள்ளியில் படித்த ஆண்டுகளை எண்ணுவதை விட்டுவிட்டு, சொற்களை வாசிக்கும் திறனைக் கல்வியின் தரத்துக்கு அளவாக எடுத்துக்கொண்டபோது, கறுப்பின முதியோருக்கும் வெள்ளையின முதியோருக்கும் இடையில் காணப்பட்ட மதிப்பெண் வேறுபாட்டின் பெரும்பகுதி சுருங்கிவிட்டதை அவருடைய குழு 2002-இல் காட்டியது. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தும், தென்மாநிலங்களின் பல ஊர்களில் அது நடைமுறைக்கு வர ஏறத்தாழ 1970 ஆயிற்று. இன்று எண்பது வயதாகும் ஒருவர் அந்த இடைவெளியில் பள்ளிக்குப் போனவர். பருத்தி பறிக்கும் பருவத்தில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி மூடப்படும் ஊரில் அவர் எட்டாம் வகுப்பு முடித்திருந்தால், அந்த எட்டு மற்றொருவரின் எட்டுக்கு ஈடாகாது. ஆகவே படிவத்தில் 'கல்வி: 8 ஆண்டு' என்று எழுதுவதோடு நிற்காமல், எந்த ஊர், எந்தப் பள்ளி, ஆண்டில் எத்தனை மாதம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நிமிடக்கணக்கில் முடியும் அந்தக் கேள்வியை நேரமில்லை என்று தவிர்க்கும் மருத்துவமனைகளே அதிகம் என்பது வருந்தத்தக்கது.

இரவு எப்படிக் கழிகிறது என்பதும் மருத்துவ வரலாற்றின் பகுதியே. 1930-களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைக் கடனுக்குத் தகுதியற்றவை என்று வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டுக் குறித்த நகரங்களில், அதே பகுதிகள் இன்றும் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருப்பதை 108 நகரங்களைப் பற்றிய 2020-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மரநிழல் இல்லாத தெரு, நெடுஞ்சாலை இரைச்சல், பல்லாண்டு இரவுப்பணி, திறக்க அஞ்சும் சன்னல் ஆகியவற்றுக்கு உறக்க மாத்திரை மருந்தாகாது. அதிலும் முதியோருக்கு அம்மாத்திரைகள் விழுந்து அடிபடும் அபாயத்தையும் குழப்பத்தையும் கூட்டக்கூடியவை.

இனம் என்ற சொல்லையும் சற்றுப் பிரித்தே பயன்படுத்த வேண்டும். ஹிஸ்பானியர் என்ற ஒரே பெயருக்குள் கியூபா, டொமினிக்கன் குடியரசு, மெக்ஸிகோ, புவேர்ட்டோ ரிக்கோ என வெவ்வேறு வரலாறுகள் அடங்கியுள்ளன. பல்லின இதயநோய் ஆய்வான மெசாவில் ஆசியராக இடம்பெற்றவர்கள் சீன வம்சாவளியினர் மட்டுமே; உடல் எடையைக் கணக்கில் எடுத்தபின் அவர்களிடம் மூச்சுத்தடை மிகுந்து காணப்பட்டது என்பதால், மெலிந்த உடலைப் பார்த்து அந்நோய் இராது என்று ஒதுக்குவது தவறு. தெற்காசியரோ அதில் இல்லவே இல்லை. நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் வசிக்கும் தமிழ்ப் பாட்டியைப் பற்றி 'ஆசியர்' என்ற கட்டம் சொல்வது மிகக் குறைவு.

சிகிச்சை நிலையில், காற்றை மெல்ல அழுத்தித் தொண்டைப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி மறதிநோயைத் தடுக்கும் என்று உறுதியளிக்க இன்னும் போதிய சான்றில்லை; பகல்சோர்வும் இரத்த அழுத்தமும் குறையலாம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. கருவியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள, முதல் 90 நாட்களுக்குள் தொடர்ச்சியான 30 நாள் காலப்பகுதி ஒன்றில் 70 விழுக்காட்டு இரவுகளிலாவது 4 மணி நேரம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று மெடிகேர் கேட்கிறது. மூவர் படுக்கும் அறையில் உறங்குபவருக்கும், விடிகாலை மூன்று மணிக்குத் துப்புரவு வேலைக்கு எழுபவருக்கும் அந்த விதி கடினமானது. ஆகவே கருவியின் முகமூடி பொருந்துகிறதா என்று இரண்டாம் வாரத்திலேயே தொலைபேசியில் விசாரிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிடுவது நல்லது. கருவிக்குத் தகுதி பெற மணிக்கு 15 நிகழ்வுகள் வேண்டும் என்று பலரும் நினைத்திருந்தாலும், 5 முதல் 14 வரை இருந்தாலே, பகல்சோர்வு, உயர் இரத்த அழுத்தம், பக்கவாத வரலாறு, அறிவாற்றல் குறைபாடு ஆகியவற்றில் ஒன்று பதிவாகியிருந்தால் போதும் என்று மெடிகேர் விதி இடம் தருகிறது. அந்தக் குறைபாட்டை நோயாளியின் மகள் வாயால் சொல்லிவிட்டுப் போனால் காப்பீட்டுக்கு அது தெரியாது. மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும்.