மார்பகப் புற்றுநோயும் நாம் இழக்கும் நாட்களும்



பர்கூர் வட்டாரத்தில் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் கடன், வட்டி, தவணை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுகிறோம். மார்பகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்து மழுப்பி விடுகிறோம். இந்த வெட்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? இந்த மாதப் பாடத்தில் கணக்குப் பார்ப்போம்.

உலகக் கணக்கு

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். நம் நாட்டில் மட்டும் அந்த ஆண்டு ஏறக்குறைய 98 ஆயிரம் இறப்புகள்.

2010 முதல் 2014 வரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில், 5 ஆண்டுகள் கழித்தும் பிழைத்திருந்தவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100-க்கு சுமார் 90 பேர். இந்தியாவில் 66 பேர்தான்.

ஏன் இந்த வித்தியாசம்?

சிகிச்சை வசதி ஒரு காரணம். தாமதமாகப் போவது இன்னொரு பெரிய காரணம். இந்தியாவில் 11 பகுதிகளில், 2012 முதல் 2015 வரை நோய் கண்ட பெண்களை வைத்து எடுத்த கணக்கைப் பாருங்கள். 5 ஆண்டுகள் பிழைத்தவர்கள்:

* நோய் மார்பகத்துக்குள் மட்டும் இருந்தபோது வந்தவர்களில் 100-க்கு 81 பேர்
* அக்குள் போன்ற பக்கத்து இடங்களுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் சுமார் 65 பேர்
* நுரையீரல், எலும்பு என்று தூரமாகப் பரவிய பிறகு வந்தவர்களில் 18 பேர்

"வலிக்கலையே, மாங்காய் சீசன் முடியட்டும், பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடும் நாட்களில்தான் நோய் பரவுகிறது. ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதுதான் ஆபத்து!

கவனிக்க வேண்டியவை

1. மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி
2. தோல் சுருங்குதல், சாத்துக்குடித் தோல் போல் ஆகுதல்
3. காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்ளுதல்
4. காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர், ஆறாத புண்

இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல.

மும்பை தரும் பாடம்

1998-இல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்நோயால் வந்த இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய மெஷின் இல்லாமலே இது நடந்தது. அதைவிட இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. எனவே இளம் பெண்கள் அறிகுறி தெரிந்தால் பரிசோதனை முகாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நமக்கு என்ன வசதி?

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நம் குழுப் பெண்கள் பலர் அதில் தன்னார்வலர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உதவும். விவரம் கேட்க 104-க்கு போன் செய்யலாம். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தவே கூடாது. முடி கொட்டினால் திரும்ப முளைக்கும்.

குழுவில் தீர்மானம் போடுவோம்

அறிகுறியோடு வந்த பெண்ணுக்கு 60 நாட்களுக்குள் நோயை உறுதி செய்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தவணை நாள் தப்பாத நமக்கு இது முடியாதா?

* அறிகுறி உள்ள உறுப்பினருக்கு பஸ் செலவுக்கு அன்றே அவசர உள்கடன் தருவோமா?
* கம்பெனி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் கூலி போகுமே என்று தயங்கினால், குழு எப்படி உதவும்?
* துணைக்கு யார் போவது? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
* நம் குழுவில் 30 வயது தாண்டி இன்னும் பரிசோதனை செய்யாதவர்கள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்குள் எல்லாரும் சேர்ந்தே போய் வருவோம்.