எழுதினால் மட்டும் போதுமா?

தமிழகத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு வந்து கடலுயிரியல் பயிலும் எனக்கு, நீர் வற்றும் வேளையே வேலை நேரம். மனம் கூடட்டும் என்றிருந்தால் பவளப்பாறை மீண்டும் மூழ்கிவிடும். கதை எழுதுதலும் அத்தகையதே. நாள்தோறும் ஒரு பொழுதைக் குறித்து எழுதுக. எழுதியதைச் சில நாள் ஆறவிட்டுத் திருத்துக. மூன்றாம் பணி விற்றல். இதில்தான் நான் தோற்றேன்: கைப்பொருளில் அச்சிட்ட ஐம்பது படிகளும் கட்டுப் பிரியாமல் கட்டிலடியில் கிடக்கின்றன. விற்கக் கூசினேன்.

சி. சு. செல்லப்பா கூசவில்லை. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றார். முதுமையிலும் 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே பதிப்பித்தார். 1998-இல் அவர் மறைந்தபின், 2001-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது. விருதை அவர் காணவில்லை. வாசகரைத் தேடிச் சென்று கண்டார்.

நண்பர்களே, நாளை என் கட்டும் பிரியும். வாங்கிப் படித்துக் குறை கூறுங்கள்!