குறும்படத்தின் மொழி: கதை மரபுகளும் காட்சி உத்திகளும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் எல்லைகளும் நெருங்கி வரும் தென்மேற்கு மூலையில் ராமகுப்பம் மண்டலம் அமைந்துள்ளது. குப்பம் வட்டாரத்தைச் சேர்ந்த இப்பகுதியில் தெலுங்கு ஆட்சிமொழி; ஆயினும் தமிழும் கன்னடமும் பல குடும்பங்களில் வீட்டு மொழிகளாக வழங்கி வருகின்றன. 1980-களில் அண்டை மாநிலக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இப்பக்கம் வரத் தொடங்கின. 1990-ல் கௌண்டின்ய வனவிலங்கு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. அதுமுதல் காட்டோர நிலங்களில் பயிரைக் காப்பதும் யானையைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதும் கடமைகளாகவே இருந்து வருகின்றன.

இத்தகைய ஒரு பகுதி மக்களுக்குப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றின் வாயிலாக ஒரு செய்தியைச் சொல்ல அரசுத் துறை ஒன்று விரும்புவதாகக் கொள்வோம். படத்தில் முதலில் எதைக் காட்டுவது? எந்த மொழியில் பேசுவது? யார் பேசுவது? இம்மூன்று கேள்விகளும் வெறும் கலை நுணுக்கம் பற்றியவை அல்ல. பார்ப்பவர் படத்தை நம்புவாரா, நம்பிச் செயலாற்றுவாரா என்பதை இவற்றிற்கான விடைகளே தீர்மானிக்கின்றன. குறும்படக் கலையில் நாளடைவில் உருவான உத்திகளும் மரபுகளும் இக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே எனலாம்.

சுருக்கமும் குறுமையும்

திரைப்படம் பிறந்ததே குறும்படமாகத்தான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவே ஓடின. அவற்றுள் ஒன்றில் தோட்டக்காரர் ஒருவர் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். சிறுவன் ஒருவன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். நீர் நிற்கிறது. தோட்டக்காரர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும்போது சிறுவன் காலை எடுத்துவிட, நீர் அவர் முகத்தில் பீறிடுகிறது. வழக்கமான நிலை, அதில் ஒரு தடை, அதனால் ஒரு திருப்பம், அதன் விளைவு ஆகிய நான்கும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிட்டன. இன்றளவும் குறும்படத்தின் அடிப்படைக் கட்டு இதுவே.

அமெரிக்காவின் ஆஸ்கார் விருதுக்கான விதி, நாற்பது நிமிடங்களுக்கு மேற்படாததைக் குறும்படமாக ஏற்கிறது. ஆனால் கால அளவு மட்டுமே இலக்கணமாகிவிடாது. நாவலைச் சுருக்கினால் சிறுகதை ஆகாதது போல, நீண்ட படத்தைச் சுருக்கினால் குறும்படம் ஆகாது. நீண்ட படம் ஒரு வாழ்க்கையைக் காட்டலாம். குறும்படம் அவ்வாழ்க்கையின் ஒரு கணத்தைக் காட்டி மற்றவற்றை ஊகிக்க விட வேண்டும். ஒரு மனிதர், அவருடைய ஒரு தேவை, அதற்கு ஒரு தடை என்ற எல்லைக்குள் நிற்பதே முதல் மரபு. ஒரு திட்டத்தின் பன்னிரண்டு நன்மைகளையும் பத்து நிமிடத்தில் கூற முயலும் படம் இம்மரபை மீறுகிறது. பார்ப்பவர் மனத்தில் ஒன்றையும் நிறுத்தாமல் முடிந்துவிடுகிறது.

பொருள்கள் பேசும் கதை

சொல்லின்றிக் கதை சொல்வதற்கு இந்தியாவில் கிடைக்கும் சிறந்த எடுத்துக்காட்டு, சத்யஜித் ராய் 1964-ல் எடுத்த ‘டூ’ என்னும் குறும்படம். மாளிகையில் விளையாட்டுப் பொருள்களிடையே தனித்திருக்கும் ஒரு சிறுவன். வெளியே குடிசையில் ஓர் ஏழைச் சிறுவன். ஏழைச் சிறுவன் புல்லாங்குழல் ஊதினால் மற்றவன் ஊதுகுழலை எடுத்து அதனை அமுக்குகிறான். காற்றாடி பறந்தால் காற்றுத் துப்பாக்கியால் அதனைக் கிழித்து வீழ்த்துகிறான். இறுதியில் புல்லாங்குழல் மீண்டும் ஒலிக்கிறது; வென்றவனின் முகத்தில் வெற்றி இல்லை. படத்தில் உரையாடலே கிடையாது. இருவர்க்குமிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைச் சன்னலின் உயரமும் பொம்மைகளின் எண்ணிக்கையும் சொல்லிவிடுகின்றன. பிரான்சின் ஆல்பர்ட் லாமொரிஸ் 1956-ல் எடுத்த ‘சிவப்புப் பலூன்’ படத்திலும் உரையாடல் மிக அரிது. அப்படம் திரைக்கதைக்காக ஆஸ்கார் விருது பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. திரைக்கதை என்பது உரையாடலை எழுதுவதன்று, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதே என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ என்னும் போட்டி, குறும்படத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் முதலியோர் அதன் வழியே அறிமுகமாயினர். புகைப்படம் எடுத்தால் உயிர் போகும் என்று அஞ்சும் ஓர் ஊரைப் பற்றி ராம்குமார் எடுத்த ‘முண்டாசுப்பட்டி’ குறும்படம், 2014-ல் முழுநீளப் படமாக விரிவடைந்தது. ஒரே வாக்கியத்தில் சொல்லத்தக்க கருவே குறும்படத்திற்கு ஏற்றது என்பதை அது காட்டியது.

இத்தகைய போட்டிப் படங்கள் வளர்த்த மற்றொரு மரபு, முடிவில் வரும் எதிர்பாராத திருப்பம். இது கைதட்டலைப் பெற்றுத்தரும். ஆனால் வளர்ச்சிப் பணிக்கான படத்தில் இதனை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். வியப்பு ஒரு முறை மட்டுமே பயன்படும். விளக்கமோ மறுமுறை பார்க்கும்போதும் பயன்படும்.

வெட்டும் ஒட்டும்

ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனை படத்தொகுப்பின் அரிச்சுவடியாகும். உணர்ச்சியற்ற ஒரு நடிகரின் முகத்தை, ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி எனப் பல காட்சிகளோடு மாற்றி மாற்றி இணைத்தார். முகம் மாறாவிடினும், பார்த்தவர்கள் முதலில் பசியையும் பின்னர் துயரத்தையும் அதில் கண்டனர். இரு காட்சிகள் அடுத்தடுத்து நிற்கும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் பார்ப்பவர் மனத்தில் பிறக்கிறது.

நெதர்லாந்தின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-ல் எடுத்த ‘கண்ணாடி’ என்னும் பத்து நிமிடப் படம் இவ்வுத்தியின் சிறந்த பயன். வாயால் ஊதிக் கண்ணாடிப் பாத்திரம் செய்யும் தொழிலாளரின் கன்னங்களையும், ஓயாமல் புட்டிகளைத் தள்ளும் எந்திரத்தையும் அப்படம் அருகருகே வைக்கிறது. கைத்தொழிலா எந்திரமா என்னும் வாதத்தை எந்த வர்ணனையாளரும் எடுத்துரைக்கவில்லை. இந்தியாவில் திரைப்படப் பிரிவுக்காகப் பிரமோத் பதி 1968-ல் எடுத்த ‘எக்ஸ்ப்ளோரர்’ படம் மின்னல் வேக வெட்டுகளாலும் ஒலிகளாலும் ஆனது. அதே ஆண்டில் குடும்ப நலத்திற்காக அவர் எடுத்த ‘கிளாக்ஸ்ப்ளோஷன்’ படத்தில், உயிருள்ள மனிதர்களையே பொம்மைகளைப் போலச் சட்டம் சட்டமாகப் படமெடுத்து நகர வைத்தார். அரசுப் படம் உயிரற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி ஏதுமில்லை என்பதற்கு இவை சான்று.

எனினும் வேகம் எல்லா இடத்திற்கும் பொருந்தாது. விதை நேர்த்தி போன்ற ஒரு செயல்முறையைக் கற்பிக்கும் படத்தில், ஒவ்வொரு வெட்டும் ஒரு படியை மறைத்துவிடக்கூடும். அங்கே காமிரா கையை விட்டு அகலாமல் காத்திருப்பதே சிறந்த உத்தி.

யாருடைய குரல்?

1948-ல் தொடங்கப்பட்ட திரைப்படப் பிரிவு, 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்படும் வரை பல்லாயிரம் செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் தயாரித்தது. திரையரங்குகளில் முக்கியப் படத்திற்கு முன் அவை கட்டாயமாகக் காட்டப்பட்டன. கம்பீரமான வர்ணனைக் குரலே அவற்றின் அடையாளமாயிற்று. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. படமெடுக்கும் இடத்திலேயே ஒலிப்பதிவு செய்வது அன்று கடினம், கருவிகள் கனமானவை. மேலும், வர்ணனையை மட்டும் மாற்றி ஒரே படத்தைப் பல மொழிகளில் வெளியிட முடிந்தது. ஆனால் இவ்வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. திரையில் தோன்றிய மனிதர் பேசாதவராகவும், திரையில் தோன்றாதவர் எல்லாம் அறிந்தவராகவும் ஆகிவிட்டனர்.

இம்மரபை உடைத்த முன்னோடி, பிரிட்டனில் 1935-ல் வெளிவந்த ‘வீட்டுப் பிரச்சினைகள்’ என்னும் படம். அதில் லண்டன் சேரிவாசிகள் தங்கள் ஒழுகும் கூரையையும் எலித் தொல்லையையும் தாமே காமிராவை நோக்கிக் கூறினர். இந்தியாவில் 1967-ல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த ‘நான் இருபது வயதினன்’ படம், 1947-ல் பிறந்த இளைஞர்களிடம் நாட்டைப் பற்றிய கருத்தைக் கேட்டது. நம்பிக்கை, ஏளனம், அக்கறையின்மை அனைத்தும் அதில் இடம்பெற்றன. கே.எஸ். சாரியும் டி.ஏ. ஆபிரகாமும் அதே ஆண்டில் எடுத்த ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ படம், ஜனநாயகம் பற்றிச் சாதாரண மக்களைப் பேச வைத்தது. அரசுச் செலவில் எடுத்த படத்தில் அரசைக் குறைகூறும் குரலும் ஒலித்தது. இவை இன்றளவும் பேசப்படுவதற்கு அதுவே காரணம்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு, முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’. 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்ற இப்படத்தில் வெளியாள் எவரும் வர்ணனை கூறவில்லை. தாயை இழந்த யானைக்கன்றை வளர்த்த பொம்மனும் பெள்ளியுமே தங்கள் கதையைச் சொல்கின்றனர்.

திரைக்கு எதிரே இருப்பவர்கள்

படம் திரையில் முடிந்துவிடுவதில்லை. கனடாவின் ஃபோகோ தீவில் மீனவக் குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றலாம் என்ற பேச்சு எழுந்திருந்த காலம். 1967-ல் காலின் லோ அங்கு 27 குறும்படங்களை எடுத்தார். பலருடைய கருத்துகளை வெட்டி ஒட்டி வாதமாக்காமல், ஒரு படத்திற்கு ஒரு மனிதர் அல்லது ஒரு நிகழ்ச்சி என்று வகுத்துக்கொண்டார். அப்படங்கள் தீவு மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டப்பட்டன. மக்கள் தங்கள் ஒற்றுமையை உணர்ந்தனர். மீனவர் கூட்டுறவு உருவாயிற்று. தீவில் குடியிருப்பு நிலைத்தது.

இந்தியாவில் பெங்களூரில் உருவான ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சி, உள்ளூர் விவசாயிகளையே நடிகராகவும் ஆசிரியராகவும் கொண்ட குறும்படங்களைக் கிராமக் குழுக்களில் திரையிட்டது. பின்னர் ஆந்திரப் பிரதேசத்திலும் பணியாற்றியது. ஒருவர் படத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பார். 16 கிராமங்களில், 1,470 குடும்பங்களிடையே 13 மாதங்கள் நடந்த ஆய்வில், வழக்கமான விரிவாக்கப் பணியைக் காட்டிலும் சில வேளாண் முறைகள் ஏழு மடங்கு அதிகமாக ஏற்கப்பட்டன. அங்கே பார்ப்பவர்கள் முதலில் கேட்ட கேள்வி பெரும்பாலும், “இவர் எந்த ஊர்க்காரர்?” என்பதே. அந்தக் கேள்விக்கு விடை தர இயலாத படத்தை அவர்கள் தமக்குரியதாகக் கொள்வதில்லை.

ராமகுப்பத்திற்கு ஒரு படம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் விடை காணலாம். யானைகள் நடமாடும் இரவுகளில் தனியே சென்று அவற்றை விரட்டக் கூடாது, வேலியில் மின்சாரம் பாய்ச்சக் கூடாது என்பது சொல்ல வேண்டிய செய்தி என்க.

1. எதை முதலில் காட்டுவது? யானையின் பெருமையையோ சட்டப் பிரிவையோ அல்ல. இரவில் மிதிபட்ட ஒரு தக்காளித் தோட்டத்தில், விடிந்ததும் வந்து நிற்கும் ஒரு விவசாயியைக் காட்டலாம். அவர் குனிந்து ஒரு காயை எடுத்துப் பார்ப்பது அவ்விழப்பின் அளவைச் சொல்லிவிடும்.

2. எந்த மொழி? மூன்று மொழிகள் வழங்கும் இடத்தில் சொல்லைக் குறைத்துக் காட்சியைப் பெருக்குவதே தக்கது. நாய் குரைக்கும் ஒலி, மரக்கிளை முறியும் ஒலி, பின்னர் நிசப்தம் ஆகியவற்றிற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. பேச்சு வேண்டிய இடத்தில் அவரவர் மொழியிலேயே பேசட்டும்.

3. யார் பேசுவது? அந்த மண்டலத்தின் விவசாயி. மனைவியோ மகனோ உடனிருக்கலாம். முடிவெடுக்கும் கணமே படத்தின் உச்சமாக வேண்டும்: தீப்பந்தத்தை எடுத்த கை தயங்குகிறது, அவர் அதை வைத்துவிட்டு அண்டை வீட்டாரை எழுப்புகிறார், வனத்துறையினருக்குச் சொல்லி அனுப்புகிறார்.

இங்கே அதிகாரிகளுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. அவ்விவசாயி இழப்பீடு தாமதமாவது பற்றியோ போதாதது பற்றியோ குறை கூறக்கூடும். படத்தைப் பார்வையிடும் துறையினர்க்கு அப்பகுதியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் படம் பத்து விநாடி குறையும். அதன் மேலுள்ள நம்பிக்கையோ முழுவதும் போய்விடும். தம் இழப்பை ஒப்புக்கொள்ளாத படம் தரும் அறிவுரையை, பயிரை இழந்த எவரும் ஏற்கமாட்டார். ஏற்காதவர் அடுத்த இரவும் பந்தத்துடன் தனியே செல்வார். அல்லது கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவார். அங்கே பலியாவது மனித உயிராகவும் இருக்கலாம், யானையின் உயிராகவும் இருக்கலாம்.

குறும்படத்தின் உத்திகளைப் பயிலும் மாணவர்களும், குறும்படம் எடுக்க ஆணையிடும் அதிகாரிகளும் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே இக்கலையில் கடினமான முடிவு. விடத்தக்கவை பல: வர்ணனை, பின்னணி இசை, திட்டங்களின் பட்டியல், துறைத் தலைவரின் உரை. விடத்தகாதது ஒன்று: யாருக்காகப் படம் எடுக்கப்படுகிறதோ, அவருடைய சொந்தக் குரல்.