ஆலோசனை கேட்கப் போகுமுன்



சொந்த ஊரில் இருந்த காலத்தில் பயிரில் ஒரு நோய் கண்டால், வேலிக்கு அப்பால் நின்ற பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவருக்கு நம் மண் தெரியும், கிணற்றுத் தண்ணீர் தெரியும், முந்திய போகம் அந்தத் தறையில் என்ன நின்றது என்பதும் தெரியும். நாம் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2009இல் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் எழுந்துவந்த குடும்பங்களுக்கு அந்த உறவு அறுந்துபோயிற்று. சிலர் மீளக் குடியேறிவிட்டார்கள். சிலருடைய காணி இன்னும் கைக்கு வரவில்லை. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த கை, மணலிலோ களியிலோ கீரைப்பாத்தி போடவேண்டியதாயிற்று. ஆலோசனை வேண்டுமென்றால், நம் தோட்டத்தை ஒருநாளும் காணாத ஒருவரிடம் கேட்கவேண்டும். அவர் விவசாயப் போதனாசிரியராக இருக்கலாம். 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் பதில் சொல்லும் விவசாயத் திணைக்கள ஆலோசகராக இருக்கலாம். அவர் தரும் பதில், நாம் கொண்டுபோகும் விபரத்தின் அளவுக்கே நல்லதாக இருக்கும்.

ஆகவே இப்பாடத்தில் பார்த்து எழுதுதல், தெளிவாக எழுதுதல், அளந்து படித்தல், முறையாகக் கேட்டல் ஆகிய நான்கையும் பழகுவோம். ஒரு கொப்பியும் வீட்டோடு நாலு பாத்தியும் இருந்தால் போதும்.

1. பார்த்து எழுதுவோம்

“மிளகாய் இலை சுருளுது, என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கடையில் கேட்கிறோம். கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்துத் தருகிறார். காசு போகிறது, சுருட்டல் போகவில்லை. காரணம் என்ன?

இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த தோணி போலத் தெரிந்தால் சிற்றுண்ணியின் வேலையாக இருக்கலாம். சிற்றுண்ணி பூச்சியினம் அன்று. பூச்சிக்கு அடிக்கும் எல்லா மருந்தும் அதற்குப் பிடிப்பதில்லை. வெள்ளை ஈ பரப்பும் வைரசு நோயாலும் இலை சுருளும். அப்படியான செடியை எந்த மருந்தாலும் சுகப்படுத்த முடியாது. ஆகவே “மேலேயா, கீழேயா?” என்ற ஒரு சொல்லிலே ஒரு போத்தலின் விலை தங்கியிருக்கிறது.

கத்தரி திடீரென வாடினாலும் இப்படித்தான். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுகம் தண்ணீரில் படும்படி பிடித்துப் பார்ப்போம். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். தண்ணீர் ஊற்றியும் பசளை போட்டும் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில போகங்களுக்குத் தவிர்ப்பதே வழி.

கொப்பியில் எழுதவேண்டியவை இவை: நட்ட திகதி, விதை எங்கே எடுத்தது, எத்தனை செடியில் எத்தனைக்கு நோய், குருத்திலையிலா முதிர்ந்த இலையிலா, இலையின் அடிப்பக்கத்தில் கண்டது என்ன, இதுவரை போட்ட பசளையும் அடித்த மருந்தும்.

2. பிறர் வாசிக்க எழுதுவோம்

இடம்பெயர்வினால் படிப்பு இடையில் நின்றவர்கள் நம்மில் பலர். “என்னுடைய எழுத்து கோழி கிளறினது மாதிரி” என்று சிரித்துக்கொண்டே பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். அழகான எழுத்து நமக்கு வேண்டியதில்லை; மற்றவர் பிழையின்றி வாசிக்கக்கூடிய எழுத்து வேண்டும். அது எந்த வயதிலும் பழகினால் வரும்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம், கோடிட்ட கொப்பியில், மெதுவாக எழுதுவோம். மெய்யெழுத்தின் புள்ளியை விடாமல் வைப்போம். புள்ளி இல்லாத ‘ர்’ அரவு போலத் தெரிந்து சொல்லையே மாற்றிவிடும். எ–ஏ, ஒ–ஓ, ன–ண வேறுபாட்டைக் காட்டுவோம். இலக்கங்களில் 1உம் 7உம், 0உம் 6உம் மயங்காதிருக்கட்டும். ‘.5’ என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். அது மருந்தாயின் பத்து மடங்கு. ‘0.5’ என்றோ ‘அரை’ என்றோ எழுதுவோம். எண்ணுக்குப் பின்னால் மி.லீ., கிராம் என்ற அலகு கட்டாயம் வரவேண்டும்.

பழகுவதற்குக் கதைப் புத்தகம் தேவையில்லை. அன்றைய தோட்ட வேலையை மூன்று வரியில் எழுதுவதே போதிய பயிற்சி. ஊர்க் காணியின் எல்லைகள், கிணறு, நின்ற தென்னை பனைகளின் தொகை ஆகியவற்றையும் பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதிவைக்கட்டும். காணிப் படிவம் நிரப்பும் நாளில் அது உதவும். அப்படிவங்களில் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுவோம்.

3. அளந்து படிப்போம்

துண்டுப்பிரசுரம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் முழுவதையும் வாசிப்போம். இரண்டாம் முறை விளங்காத சொற்களின் கீழ்ப் பென்சிலால் கோடிடுவோம். மூன்றாவதாக, அதை மூடிவைத்துவிட்டு வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பார்ப்போம். சொல்ல முடியாத இடமே நாம் போய்க் கேட்கவேண்டிய இடம். சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தப் பாடம் வீட்டுக்கும் பயன்படட்டும்.

நூல்களில் அளவுகள் ஹெக்டயருக்கே சொல்லப்படும். நம்மிடம் இருப்பது பாத்தி. ஹெக்டயருக்கு 10 தொன் கூட்டெரு என்று இருந்தால் என்ன செய்வது? ஒரு ஹெக்டயர் 10,000 சதுர மீற்றர். 10 தொன் 10,000 கிலோ. எனவே சதுர மீற்றருக்கு 1 கிலோ. நீளம் 3 மீற்றர், அகலம் 1 மீற்றர் ஆன பாத்திக்கு 3 கிலோ. பரப்புக் கணக்கு வேண்டுமாயின், தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒருமுறை கணக்கிட்டுக் கொப்பியின் மட்டையில் எழுதிவைத்தால் என்றும் பயன்படும்.

4. முறையாகக் கேட்போம்

கொப்பியையும், நோயுற்ற கொப்பொன்றைப் பையிலிட்டும் கொண்டுபோவோம். அலுவலரிடம் மரியாதையாக, ஆனால் கூச்சமின்றிக் கேட்போம். கேட்பது பிச்சையன்று, அவர்கள் நமக்காகவே அங்கே இருக்கிறார்கள். மூன்று கேள்விகளை விடாமல் கேட்போம். இதற்குக் காரணம் என்ன? எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை? மருந்தடித்து எத்தனை நாளின் பின் பறித்துச் சமைக்கலாம்? பதிலை அங்கேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டுவோம்.

வீட்டுக்கு வந்ததும் முழுத் தோட்டத்திலும் இறங்கவேண்டாம். ஒரு பாத்தியில் செய்து, பக்கத்துப் பாத்தியை முன்போல விட்டு, இரண்டையும் ஒப்பிட்டு எழுதுவோம். பின்னர் ஆலோசனை தந்தவரிடம் திரும்பிப் போய், நடந்ததைச் சொல்வோம். அடுத்த முறை அவர் நம் தோட்டத்தை அறிந்தவராகப் பேசுவார். வேலிக்கு அப்பால் நின்ற அந்தப் பெரியவரின் இடம் இப்படித்தான் மெல்ல மெல்ல நிரம்பும்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் முற்றத்துச் சுரைக்கொடி ஏட்டிலும் ஏறினால், வருகிற போகத்துக்கும் அது காய்க்கும்.

குடும்பமாகச் செய்ய

அ. இன்றே ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் பாத்திகளை வரைந்து, நீள அகலத்தை எழுதுங்கள்.

ஆ. ஒரு செடியைக் குறித்து ஐந்து வரி எழுதி, அயலவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடக்கிய எழுத்துகளை மறுநாள் பழகுங்கள்.

இ. இம்மாதம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியையும், யாரிடம் கேட்பது என்பதையும் கூடிப்பேசி முடிவுசெய்யுங்கள்.