கலங்கரை விளக்கமும் ஈயக்குண்டும்

ஒரு சித்திரத்தைக் காண்போர், அதில் வரையப்பட்ட பொருள் யாது என்றே பெரும்பாலும் வினவுவர். அப்பொருள் எவ்விடத்தில் நின்று நோக்கப்பட்டது என்று வினவுவோர் சிலரே. கடற்சித்திரங்களை உணர்தற்கு இவ்விரண்டாம் வினாவே இன்றியமையாதது. இதனை விளக்கும்பொருட்டு, இங்கிலாந்தின் கீழ்கரையிலுள்ள ஹார்விச் துறைமுகத்தோடு தொடர்புடைய இரண்டு தைலவர்ணச் சித்திரங்களை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

முதலாவது, ஜான் கான்ஸ்டபிள் என்பார் 1820-ஆம் ஆண்டையொட்டித் தீட்டியது. ஹார்விச்சின் கீழ்விளக்கமாகிய பழைய மரக்கட்டடம் கரையில் நிற்கின்றது. மேலே அகன்ற வானம். அப்பால் பாய்விரித்த கலங்கள். யாவும் தெளிவாய்த் தோன்றுகின்றன. ஓவியர் நிற்குமிடம் உறுதியான நிலமன்றோ!

இரண்டாவது, டர்னர் என்னும் பேரோவியர் 1842-இல் இலண்டன் இராயல் அக்காடெமியிற் காட்சிக்கு வைத்த பனிப்புயற் சித்திரம். துறைமுக வாயிலுக்கு வெளியே, ஆழமற்ற நீரில், அடையாள ஒளி காட்டி, ஈயக்குண்டினால் ஆழம் பார்த்துச் செல்லும் நீராவிக்கப்பல் என்பது அதன் நீண்ட தலைப்பின் கருத்து. ஏரியல் என்னுங் கப்பல் ஹார்விச்சினின்று புறப்பட்ட இரவில் தாமே அப்புயலில் இருந்ததாகவும் அத்தலைப்பில் டர்னர் கூறியுள்ளார். படத்தின் நடுவே கரிய மரக்கலமும் துடுப்புச் சக்கரமும் மங்கலாய்த் தெரிகின்றன. புகையும் பனியும் அலையும் ஒன்றாய்ச் சுழல்கின்றன. கரையில்லை, கலங்கரை விளக்கமுமில்லை. சவர்க்கார நுரையும் சுண்ணாம்பு நீருமே இஃது என ஒருவர் எள்ளினார்.

அவ்வெள்ளல் தகுமா? கப்பற்றொழிலை அறிந்தார் தகாதென்பர். கண் பயன்படாத இருளில் மாலுமி கையினால் வழி காண்கிறான். நீண்ட கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் எறிவான். கயிற்றில் இடையிடையே தோலும் துணியும் அடையாளமாகக் கட்டப்பட்டிருக்கும்; அவற்றால் ஆழம் புலனாகும். குண்டின் அடியிலுள்ள குழியிற் கொழுப்பை அப்பியிருப்பர்; அதில் ஒட்டிவரும் மணலோ சேறோ அடித்தரையின் இயல்பைத் தெரிவிக்கும். ஆகவே, தெளிவாக ஒன்றுங் காணவியலாமையே அந்நிலையின் உண்மை. டர்னர் கப்பலைக் கரையினின்று காட்டாது, புயலினுள் நின்றே காட்டினார்.

தம்மைப் பாய்மரத்திற் கட்டுவித்து நான்கு மணிநேரம் புயலை நோக்கியதாக அவர் சொன்னாரென்பர். அப்போது அவர் அறுபதைக் கடந்த முதியவர். அவ்வரலாற்றை ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். அஃது ஐயத்திற்குரியதேயாயினும் சித்திரத்தின் மதிப்புக் குன்றாது. தீட்டியவரின் கூற்றை ஆராய்தல் வேறு. தீட்டப்பட்டதன் உண்மையை ஆராய்தல் வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது.

இனி, கான்ஸ்டபிள் வரைந்த விளக்கத்தின் பின்வரலாற்றையும் அறிதல் நன்று. 1818-இல் ஹார்விச்சில் உயரமானதும் குறுகியதுமாகப் புதிய கோபுரங்கள் இரண்டு எழுந்தன. இரண்டின் ஒளியும் ஒன்றன்மேலொன்றாய்த் தோன்றும் நேரே கப்பலைச் செலுத்தினால் ஆழமான வழி கிடைக்கும். ஆயின், கடலடி மணல் இடம்பெயர, வழியும் மாறிற்று. விளக்குகள் பழைய நேரையே காட்டி நின்றமையால், வழிகாட்டிகள் வழிபிழைப்பிப்பன ஆயின. 1863-இல் அவற்றின் பணி நின்றது. அருகிலுள்ள டோவர்கோர்ட் கரையில் வேறு விளக்குகள் ஏற்றப்பட்டன.

இதனால் விளக்கம் வேண்டாவென்பது கருத்தன்று. ஒளியை நோக்கிச் செல்லும் மாலுமியும் தன் கீழுள்ள ஆழத்தைத் தானே அளந்தறிதல் வேண்டும். கரையில் நின்று வரைந்த சித்திரம் முன்னதையும், கலத்தினுள் நின்று வரைந்த சித்திரம் பின்னதையும் நமக்கு உணர்த்துகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காண்பார்க்கே கடற்பயணத்தின் முழு உண்மை புலப்படும்.