கசிவும் காரணமும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து அமைந்துள்ள நகரம் ஓசூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரம் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தபின் ஊரின் தோற்றமே மாறியது. 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு நிறுவனம் இங்கு லாரித் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனத்தின் சிறிய மொபெட் வண்டியும் இவ்வூரிலிருந்து வெளிவந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிக் கடைசல் பட்டறைகளும் பழுது பார்க்கும் பணிமனைகளும் பெருகின. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் அப்பணிமனைகளில் ஒலிப்பதைக் கேட்கலாம்.

அவற்றிற்குப் பழுது பார்க்க வரும் பழைய வண்டிகளுள் மாருதி 800 என்னும் சிறு காரும் ஒன்று. 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இக்கார் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. மூன்று சிலிண்டர்களையும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவையும் உடைய சிறிய எஞ்சினைக் கொண்டது இது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றிற்கு இதுவே முதற் கார். 2014-ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும், பேணி வைத்திருப்போர் இல்லங்களில் இது இன்றும் உழைக்கின்றது.

ஒரு நாள் காலை, ஓசூர்ப் பணிமனை ஒன்றிற்கு முதியவர் ஒருவர் தம் பழைய மாருதிக் காரை ஓட்டி வந்தார். அவர் ஆலையொன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். நோயுற்ற தம் மனைவியை வாரந்தோறும் பெங்களூரிலுள்ள மருத்துவமனைக்கு அக்காரிலேயே அழைத்துச் செல்பவர். வண்டி நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டியது. வேறோரிடத்தில் இருமுறை பேக்கிங் மாற்றியும் பயனில்லை. “எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்க வேண்டும், இன்றேல், வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவதே நன்று” என்று சிலர் கூறியிருந்தனர். புதிய வண்டி வாங்கும் வசதி அவருக்கு இல்லை.

எஞ்சினுக்கு எண்ணெய் இன்றியமையாதது. உலோகத்தோடு உலோகம் உராயாதபடி அது இடையே மெல்லிய படலமாய் நின்று காக்கின்றது, வெப்பத்தைத் தணிக்கின்றது, அழுக்கையும் அகற்றுகின்றது. இச்சிறு எஞ்சினில் இருப்பதோ ஏறத்தாழ மூன்று லிட்டர் எண்ணெய்தான். அது குறைந்தால் உராய்வு மிகும், தாங்கிகள் தேயும், முடிவில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கசியும் எண்ணெய், சுடுபுகை செல்லும் குழாயின்மீது பட்டால் தீப்பற்றவுங்கூடும். ஆதலின், கசிவு சிறிதாயினும் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

பணிமனையில் தொழில் பழகிவந்த இளைஞன் ஒருவன் வண்டியின் அடியிற் குனிந்து பார்த்தான். எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் எண்ணெய்த் தட்டின் விளிம்பில் துளி தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா, ஒழுக்கு அடித்தட்டில்தான் இருக்கிறது. அதன் பேக்கிங்கை மாற்றிவிடலாமா?” என்று கேட்டான்.

“தம்பி, கூரையில் ஓடு உடைந்தது ஓரிடம், நீர் சொட்டுவது வேறோரிடம். துளி விழும் இடத்தை மட்டும் பார்த்து வேலை தொடங்கலாகாது” என்றார் தலைமைத் தொழிலாளி.

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே, ஈரம் தோன்றும் இடங்களுள் மிக மேலும் மிக முன்னும் இருப்பதையே முதலில் ஆராய வேண்டும். எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, இருவரும் அதன்மீது படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவினர். துணியால் துடைத்து உலரவிட்டனர். பின்னர் முகத்திற்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவினர். எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு நோக்கியபோது, வெண்ணிறப் பொடியின்மேல் கருங்கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது தொடங்கிய இடம் அடித்தட்டு அன்று; எஞ்சினின் மேல்மூடி!

“அப்படியானால் மேல்மூடியின் பேக்கிங்கை மாற்றினால் போதுமே!” என்றான் இளைஞன்.

“அதைத்தான் முன்னரே இருமுறை மாற்றியிருக்கிறார்கள். புதிய பேக்கிங்கும் ஏன் தோற்றது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். இளைஞன் விடையறியாது நின்றான்.

சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் உட்புறம் புகுதல் இயல்பு. அது வெளியேறுவதற்கென்றே மேல்மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு ரப்பர்க் குழாய் செல்கின்றது. தொழிலாளர் அதனைப் பிரீதர் என்பர். அக்குழாயைக் கழற்றியபோது, அதனுள் கரிய பிசின் இறுகி அடைத்திருந்தது. வெளியேற வழியற்ற வாயு உள்ளே அழுத்தத்தைப் பெருக்கி, எண்ணெயைப் பேக்கிங்கின் இடுக்கு வழியே வெளியே தள்ளியது. நோயின் காரணம் இதுவே.

அவர்கள் குழாயைத் தூய்மை செய்தனர். பழைய பேக்கிங்கின் துணுக்குகளை உலோகம் கீறாதபடி சுரண்டி நீக்கினர், புதியதைப் பொருத்தினர். இளைஞன் திருகுகளை முழு வலிமையோடு முறுக்க முற்பட்டான். தலைமைத் தொழிலாளி அவன் கையைத் தடுத்தார். மிகுதியாக இறுக்கினால் மூடி வளையும், பேக்கிங் நசுங்கும், கசிவு மீளும். எல்லாத் திருகுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக, ஒரே சீராக இறுக்குதலே முறை. பின்னர், எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்த்தார். புகை மிகுதியாக எழவில்லை. வளையங்கள் நல்ல நிலையில் இருந்தன. எஞ்சினைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை என்பது தெளிவாயிற்று.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வரும் நெடுஞ்சாலை மேடேறி வருவது. அம்மேட்டுச் சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திரும்பினர். சமதரையில் நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுத்து, அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தனர். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையே சரியாக நின்றது. தரையில் ஒரு துளியும் இல்லை. முதியவரின் முகம் மலர்ந்தது. “ஐயா, வாரம் ஒருமுறை இந்த அளவைப் பார்த்துவாருங்கள், அம்மாவை அச்சமின்றி அழைத்துச் செல்லலாம்” என்றார் தலைமைத் தொழிலாளி.

கழுவிய அழுக்கெண்ணெயைச் சாக்கடையில் கொட்ட இளைஞன் சென்றான். அவர் அதனையும் தடுத்து, கழிவெண்ணெய்க்கென வைத்திருந்த பீப்பாயில் ஊற்றச் செய்தார். ஓசூரை அடுத்து ஓடும் தென்பெண்ணை பல ஊர்களின் வயல்களுக்கு நீர் தருவது. ஒரு வண்டியின் பழுதைத் தீர்க்க ஓர் ஆற்றைப் பழுதாக்குதல் அறமன்று.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் கண்டறிந்த பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. கையில் ஸ்பேனர் ஏந்துவோர்க்கும் அந்நெறி பொருந்தும். காரணம் அறியாது செய்யும் வேலை, எத்துணை முறை செய்யினும் முடியாத வேலையே ஆகும்.